கையில குத்துனா மூளைக்கு எப்படி போகும் டாக்டர்?

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், மூளை ஆஞ்சியோவை, அதாவது ரத்தக்குழாய்க்குள்ள டியூப் விட்டு, டைன்னு ஒரு மருந்தை ஏத்தி எக்ஸ்ரே படம் எடுக்கறதை, இப்பல்லாம் மணிக்கட்டு வழியாவும் பண்றாங்கன்னு. எழுதினதோட மறந்தும் போயிட்டேன். பாத்தா, வந்த கேள்வியில பாதி அந்த ஒரு வரிக்குத்தான். சரி, சுகர், முட்டிவலி எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கட்டும், இந்த தடவை முழுக்க இதுதான். பேர் போடாதீங்கன்னு பல பேர் கேட்டதால ஊர் மட்டும் போடறேன்.

கும்பகோணம் வாசகி: அப்பாவுக்கு 66 வயசு. தலைவலின்னு எடுத்த எம்ஆர்ஐயில மூளை ரத்தக்குழாய்ல சின்ன பலூன் மாதிரி வீக்கம் இருக்குன்னு வந்துடுச்சு. டிஎஸ்ஏ, அதாவது அந்த மூளை ஆஞ்சியோ, எடுத்து பாக்கணும், கையில துளை போட்டு பண்ணுவோம்னு டாக்டர் சொல்றார். என் தம்பியோ, "கையில பண்றது ஹார்ட்டுக்கு, மூளைக்கு தொடையிலதான் பண்ணணும், இவங்க அப்பாவை வச்சு கத்துக்கப் பாக்கறாங்க"ன்னு ஒரே சண்டை. கையில குத்துனா மூளைக்கு எப்படி போகும் டாக்டர்?

தம்பி சொல்றது பாதி சரி, பாதி பழசு. முதல்ல வழியை சொல்லிடறேன்.

இதை படிக்கறப்பவே வலது கட்டைவிரலுக்கு கீழ மணிக்கட்டுல ரெண்டு விரல் வச்சு பாருங்க, டக் டக்குன்னு அடிக்குதுல்ல, வைத்தியர் நாடி பிடிக்கிற அதே இடம், அதுதான் ரேடியல் தமனி. 2லேர்ந்து 3 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதுல ஏறுற டியூப் முழங்கை தாண்டி, அக்குள் தாண்டி, காறை எலும்புக்கு அடியில வந்து சேரும். அங்கயே வெர்டிப்ரல்னு ஒரு கிளை, கழுத்தெலும்புல இருக்கற ஓட்டைங்க வழியா ஏறி மூளையோட பின்பக்கத்துக்கு நேரா போயிடுது. இன்னும் கொஞ்சம் உள்ள வந்தா வலது கழுத்துல ஏறுற பெரிய குழாய், கரோடிட், அதுவும் அதே தண்டுலேர்ந்துதான் பிரியுது. மூளைக்கு போற நாலு குழாய்ல ரெண்டு வலது கைக்கு பங்காளி வீடு மாதிரி, ஒரே திண்ணை.

மிச்ச ரெண்டுலதான் வில்லங்கம். முக்கியமா இடது கரோடிட். அது நெஞ்சுக்குள்ள இருக்கற பெரிய வளைவுலேர்ந்து தனியா மேல கிளம்புது, நம்ம டியூப் வலது கையிலேர்ந்து கீழ இறங்கிட்டு இருக்கு, இறங்கினது அப்படியே திரும்பி மேல ஏறணும். இதுக்குன்னு சிம்மன்ஸ்னு ஒரு டியூப் வச்சிருக்காங்க, முனை துறட்டி மாதிரி மடங்கியிருக்கும். முருங்கைக்காய் பறிக்கறப்ப துறட்டியை மாட்டிட்டு கீழ இழுப்போம்ல, இங்கயும் வெளியில டாக்டர் இழுக்க இழுக்கத்தான் உள்ள முனை மேல ஏறும். முதமுதல்ல மானிட்டர்ல அதை பாத்தப்ப எனக்கு தலை சுத்துச்சு, கை ஒரு திசையில போகுது முனை எதிர் திசையில போகுது. அந்த துறட்டி வளைவை பெரிய குழாய்க்குள்ள வச்சு உருவாக்கறதுலதான் கை வழியோட வித்தையே இருக்கு, அது ஒருத்தருக்கு படிய பல கேஸ் ஆகும்.

அதனாலதான் தம்பியோட சந்தேகத்தை நான் முழுசா தள்ள மாட்டேன். டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, "சார், மூளைக்கு கை வழியா எத்தனை கேஸ் பண்ணியிருக்கீங்க, பாதியில முடியலன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு. இதுக்கு கோபப்படற டாக்டரா இருந்தா வேற டாக்டரை பாக்கறது தப்பில்ல. நல்லா பண்றவங்க இந்த கேள்விக்கு பதில் சொல்ல சந்தோஷம்தான் படுவாங்க.

தம்பி சொன்னதுல பழசு எதுன்னா, கைன்னா ஹார்ட், தொடைன்னா மூளைங்கற கணக்கு. ஹார்ட்டுக்கு தோல்ல சின்னதா துளை போட்டு மணிக்கட்டு வழியா முதல்ல வரிசையா பண்ணி எழுதினவர் கனடாவுல மான்ட்ரியல் டாக்டர் லூசியன் கம்போ, 1989ல. அடைப்பை பலூனால விரிச்சு சரிபண்ற ஆஞ்சியோபிளாஸ்டியை அதே வழியில 1992ல ஆம்ஸ்டர்டாம்ல கீமெனே பண்ணினார். அப்பவும் ரொம்ப பேர் சிரிச்சாங்க. 2015ல மேட்ரிக்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஹார்ட் அட்டாக் மாதிரி அவசரத்துல வந்த 8404 பேர், கை வழியில போனவங்களுக்கு ரத்தக்கசிவும் கம்மி, இறப்பும் கம்மி. அதுக்கப்புறம் ஹார்ட்டுக்காரங்க தொடை பக்கம் போறதே குறைஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, அந்த கணக்கை அப்படியே தூக்கி மூளைக்கு ஒட்ட முடியாது, அந்த அளவு பெரிய ஆய்வு மூளைக்கு கை வழியில இல்ல. மூளைக்காரங்க லேட்டா வந்ததுக்கு காரணமும் இருக்கு. ஹார்ட்டுக்கு வலது கையிலேர்ந்து டியூப் இறங்கினா போதும், தானா வாசல்ல நிக்கும். மூளைக்கு இறங்கி திரும்பணும். அதுமில்லாம டியூப் எல்லாமே தொடையிலேர்ந்து ஏறுற கணக்குல நீளமும் வளைவும் வச்சு செஞ்சது, மணிக்கட்டுக்குன்னு அளவெடுத்து செஞ்ச டியூப் வந்ததே சமீபத்துலதான்.

அன்னிக்கு என்ன நடக்கும்னு அப்பாவுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, தெரிஞ்சா பயம் பாதி குறையும். கைய ஒரு பலகையில நீட்டி வச்சு மரத்துப்போற ஊசி போடுவாங்க, எறும்புக்கடின்னு நர்ஸ் சொல்லுவாங்க, நான் கட்டெறும்புன்னு சொல்லுவேன். சின்னதா ஒரு குழாயை உள்ள வச்சதும் தமனி சுருங்காம இருக்க வெரபமில், நைட்ரோகிளிசரின் மாதிரி மருந்து போடுவாங்க, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரினும் போகும். அப்ப முழங்கை வரைக்கும் மிளகாய் பட்ட மாதிரி சுர்ருன்னு எரியும், அரை நிமிஷத்துல அடங்கிடும். அந்த எரிச்சலை குறைக்கத்தான் மருந்தை அவங்க ரத்தத்தோடயே கலந்து மெதுவா ஏத்தறாங்க. அப்புறம் டை ஏறும்போது முகத்துல, கண்ணுக்கு பின்னால சூடு பாயும், சிலருக்கு கண்ணுக்குள்ள மின்னல் வெட்டும். "மூச்சை பிடிங்க, எச்சில் முழுங்காதீங்க"ன்னு குரல் வரும், அந்த சில செகண்ட் மட்டும் ஆடாம இருந்தா போதும், ஆடினா படம் கலங்கும், மறுபடி டை போடணும்.

முடிஞ்சதும் மணிக்கட்டுல வாட்ச் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பேண்ட் கட்டி, ஊசியால உள்ள காத்து ஏத்துவாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காத்தை இறக்கிட்டு வருவாங்க. அப்பா எழுந்து உக்காந்து காபி குடிக்கலாம், பாத்ரூமுக்கு நடந்து போகலாம். இதோட அருமை தொடை வழியா பண்ணிட்டு காலை மடக்காம 4 மணி நேரம், 6 மணி நேரம் மல்லாக்க படுத்தவங்களுக்குத்தான் தெரியும். புராஸ்டேட் வீங்கின வயசான ஆம்பளைங்க படுத்துக்கிட்டே யூரின் போக முடியாம, ஆஞ்சியோவை விட அதுக்கு டியூப் போட்டதுக்குத்தான் அதிகமா அலறினதை நிறைய பாத்திருக்கேன். சௌகரியத்தை விட பெரிய விஷயம் ரத்தக்கசிவு. மணிக்கட்டுல தமனிக்கு பின்னாலயே எலும்பு இருக்கு, ஒரு விரலால அழுத்தினா நிக்கும். தொடை இடுக்குல கசிஞ்சா சில சமயம் வெளிய ஒரு சொட்டு தெரியாம வயித்துக்கு பின்னால தேங்கும், பிரஷர் இறங்கினப்புறம்தான் தெரியும். உங்க அப்பாவுக்கு நாளைக்கு அந்த வீக்கத்துக்கு ஸ்டென்ட் மாதிரி ஏதாவது வைக்கறதா இருந்தா ரெண்டு வகை ரத்தம் உறையா மாத்திரை போட்டிருப்பார், அப்ப இந்த வித்தியாசம் பெருசு.

டெஸ்ட்ல ரிஸ்க்கே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. டியூப் முனையில சின்ன ரத்தக்கட்டி உருவாகி மூளைக்கு போனா பக்கவாதம் வரலாம், நூத்துல ஒருத்தருக்கும் கம்மியாத்தான் நடக்கும், ஆனா கையில போனாலும் தொடையில போனாலும் இந்த ரிஸ்க் கூடவே வரும்.

விழுப்புரம் வாசகர்: மூளை ஆபரேஷன்னா தலையை மொட்டை அடிப்பாங்களா? திருப்பதிக்கு வேண்டுதல் இருக்கு, அதுக்கு முடி வேணும்.

ஆஞ்சியோவுக்கு முடி மேல யாரும் கை வைக்க மாட்டாங்க, மண்டை ஓட்டை திறக்கறதே இல்ல. கை வழின்னா மணிக்கட்டுல இருக்கற ரோமம்தான் போகும், அதுக்கு ஏழுமலையான் கணக்கு கேக்க மாட்டார்.

திருப்பூர் வாசகர்: நான் கட்டிங் மாஸ்டர், 22 வருஷமா வலது கையிலதான் பொழப்பு. தலையில ரத்தக்குழாய்ங்க பின்னிக்கிட்டிருக்குன்னு ஆஞ்சியோ பண்ணாங்க, வலது கை வழியா. மூணு மாசம் ஆச்சு, இப்ப மணிக்கட்டுல நாடி துடிப்பே கிடைக்கல. கை செத்துடுமா டாக்டரம்மா?

சாகாது தம்பி, ஆனா கேட்டது நல்லது. டியூப் போன இடத்துல தமனி அடைச்சுக்கறது இந்த வழியோட தெரிஞ்ச பக்க விளைவு. பெரும்பாலும் ஆளுக்கே தெரியாம நடக்கும், ஏன்னா உள்ளங்கைக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்து ரத்தம் வருது, கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்னர், ரெண்டும் உள்ளங்கையில வில்லு மாதிரி சேர்ந்திருக்கு, ஒரு வாய்க்கால் அடைச்சா இன்னொண்ணு பாயும்.

இதை முன்கூட்டியே பாக்கறதுக்கு ஆலன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. கைய இறுக்க மூடச் சொல்லி, ரெண்டு தமனியையும் விரலால அழுத்தி, திறந்து பாத்தா உள்ளங்கை சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டா சில செகண்ட்ல ரோஸ் கலர் திரும்பணும். விரல்ல ஆக்சிஜன் பாக்கற கிளிப்பை மாட்டி அதே சோதனையை பண்றவங்களும் உண்டு. ஆலன் டெஸ்ட் சுமாரா இருந்தா கை வழியே கூடாதுன்னு முன்னாடி சொல்லிட்டிருந்தாங்க, இப்ப அந்த அளவுக்கு யாரும் அதை நம்பறதில்ல.

அடைப்பை தடுக்கறதுல பாதி அந்த பேண்ட் விஷயத்துலதான் இருக்கு. ரத்தம் வந்துடுமோன்னு பயந்து இறுக்கி கட்டி விட்டா தமனி உள்ளயே படுத்துடும். ரத்தம் கசியற வரைக்கும் காத்தை இறக்கி, கசிஞ்சதும் ஒண்ணு ரெண்டு மில்லி மட்டும் திரும்ப ஏத்தி, உள்ள ரத்தம் ஓடிட்டே இருக்கற மாதிரி வைக்கணும். ராத்திரி டியூட்டியில ஒரே நர்ஸ் 12 பேஷன்ட்டை பாக்கற வார்டுல இது எப்படி நடக்கும்னு என்னைக் கேக்காதீங்க.

உங்களுக்கு இப்ப கத்திரி பிடிக்கறப்ப வலி, விரல் மரத்துப்போறது, சில்லுன்னு இருக்கறது, நிறம் மாறுறது ஏதாவது இருந்தா உடனே போய் ரத்த ஓட்டத்தை பாக்கற டாப்ளர் ஸ்கேன் ஒண்ணு எடுங்க. எதுவும் இல்லன்னா கூட ஒரு தடவை காட்டி எழுதி வாங்கி வச்சுக்கோங்க, அடுத்த ஆஞ்சியோவுக்கு அந்த கை வழி கிடைக்காதுன்னு அடுத்த டாக்டருக்கு தெரியணும்ல. உங்களை மாதிரி கைத்தொழில்காரங்க முன்கூட்டியே இடது கையில முடியுமான்னு கேக்கலாம். இன்னொரு இடமும் இருக்கு. கட்டைவிரலை நல்லா விரிச்சு தூக்குனா புறங்கையில ஒரு குழி விழும் பாருங்க, வெள்ளைக்காரன் மூக்குப்பொடி வச்சு உறிஞ்சின குழி. அங்க குத்துனா உள்ளங்கை வில்லுக்கு ரத்தம் பிரிஞ்சு போனதுக்கு அப்புறம் இருக்கற இடம், அதனால மணிக்கட்டு தமனி அடைச்சுக்கற வாய்ப்பு கம்மி. முன்ன சொன்ன கீமெனேதான் 2017ல இதைப் பத்தியும் எழுதினார். தமனி அங்க இன்னும் சன்னம், குத்தறவருக்கு பொறுமை வேணும்.

நாகர்கோவில் வாசகி: எங்க மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து, தொடை வழியா டியூப் விட்டு ரத்தக்கட்டியை எடுத்தாங்க. பேச்சு இன்னும் சரியா வரல. கை வழியா பண்ணியிருந்தா நல்லா ஆகியிருப்பாரோன்னு அத்தை அழறாங்க.

அத்தைகிட்ட சொல்லுங்க, வாசல் எதுங்கறதால பேச்சு போகல. ஸ்ட்ரோக்ல கணக்கு நிமிஷம்தான். மூளையில பெரிய குழாய் அடைச்சா ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் கொஞ்சமா செல்லுங்க சாகுது, அதனால டாக்டருக்கு எந்த வழி கண்ணை மூடிட்டு போற அளவுக்கு பழக்கமோ அந்த வழியில போறதுதான் சரி, பெரும்பாலானவங்களுக்கு அது இன்னிக்கும் தொடைதான். கட்டியை உறிஞ்சி எடுக்கற டியூப் பெருசு, சில சமயம் கழுத்துல ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்க பலூன் வச்ச தடி டியூப் வேணும், அது பலரோட மணிக்கட்டுல நுழையாது. டியூப் அளவை பிரெஞ்சுன்னு சொல்லுவாங்க, 3 பிரெஞ்சு 1 மில்லிமீட்டர். 8 பிரெஞ்சுன்னா கணக்கு போட்டுக்கோங்க, நம்ம தமனியே 2, 3 மில்லிமீட்டர்தானே.

அதுக்காக ஸ்ட்ரோக்ல கை வழியே கிடையாதுன்னு இல்ல. மூளையோட பின்பக்க குழாய் அடைச்சிருந்தா கை வழி நேர் ரோடு. வயசானவங்க சிலருக்கு நெஞ்சு வளைவு கோணல்மாணலா சுருண்டு போய், தொடையிலேர்ந்து ஏறினா டியூப் வழுக்கிட்டே இருக்கும், அவங்களுக்கும் கை கை கொடுக்கும். 20 நிமிஷமா தொடையில மல்லுக்கட்டிட்டு கைக்கு மாறி அஞ்சு நிமிஷத்துல போய் சேர்ந்த கேஸை பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், தலைகீழாவும் பாத்திருக்கேன்.

அடைப்பு வந்து 6 மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியை எடுக்கணும்னு இருந்துச்சு, ஸ்கேன்ல காப்பாத்தக்கூடிய மூளை மிச்சம் இருந்தா அதுக்கப்புறமும் எடுக்கலாம்னு 2018ல ரெண்டு ஆய்வு காட்டுச்சு, ஒண்ணு 16 மணி நேரம் வரைக்கும், இன்னொண்ணு 24 மணி நேரம் வரைக்கும். இதை கேட்டுட்டு யாரும் ஆற அமர போகாதீங்க. வாய் கோணுதா, கை தூக்க முடியலையா, பேச்சு குளறுதா, 108. பேச்சு ஆறு மாசம், ஒரு வருஷம் வரைக்கும் கூட முன்னேறும், மாமாவை ஸ்பீச் தெரபிக்கு விடாம கூட்டிட்டு போங்க.

சேலம் வாசகர்: எனக்கு கிட்னி பிரச்சனை, கிரியாட்டினின் ஏறிட்டே போகுது, கூடிய சீக்கிரம் டயாலிசிஸ்னு சொல்லியிருக்காங்க. தலைக்கு ஆஞ்சியோவும் வேணுமாம். கை வழி ஈசின்னு கேள்விப்பட்டேன், அதையே கேக்கட்டுமா?

கேக்காதீங்க. டயாலிசிஸுக்கு கையில தமனியையும் சிரையையும் சேர்த்து தைப்பாங்க, ஃபிஸ்டுலான்னு பேர், அதை போடறது அதே தமனியை வச்சுத்தான், ஆஞ்சியோவுக்கு போய் அது அடைச்சா வருஷக்கணக்குல உயிரை காப்பாத்த வேண்டிய குழாய் போச்சு. உங்களுக்கு தொடைதான். கிட்னி டாக்டர்கிட்ட சொல்லாம டை போட்டுக்காதீங்க, அவர்தான் எவ்வளவு டை, முன்னாடி பின்னாடி எவ்வளவு தண்ணின்னு முடிவு பண்ணணும்.

காரைக்குடி வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: கை வழியா உள்ளே நுழையலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? வரலாறு சொல்லுங்களேன்.

ஐயா, உங்க கேள்வியை படிச்சதும் உக்காந்துட்டேன், எனக்கு பிடிச்ச கதை. மூளைக் குழாயை முதல்ல படம் எடுத்தவர் போர்ச்சுகல்ல எகாஸ் மோனிஸ், லிஸ்பன்ல, 1927. அவர் கையிலயும் போகல, தொடையிலயும் போகல, நேரா கழுத்து கரோடிட்லயே மருந்தை ஏத்தினார். ஏத்தினார்னு சொல்றது கூட தப்பு, அவர் விரலெல்லாம் கவுட்ங்கற மூட்டு நோயால மடங்கிப் போனதால அல்மெய்டா லிமாங்கற உதவியாளர்தான் கையால பண்ணினார். மோனிஸுக்கு பின்னாடி 1949ல நோபல் கிடைச்சுது, ஆனா இந்த நல்ல காரியத்துக்கு இல்ல, மூளை நரம்பை அறுக்கற ஆபரேஷனுக்கு. அந்த நோபலைப் பத்தி இன்னிக்கும் திட்டிக்கிட்டிருக்காங்க.

கை கதை 1929ல, ஜெர்மனியில எபர்ஸ்வால்டேன்னு ஒரு சின்ன ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மான்னு 25 வயசுகூட ஆகாத டாக்டர், தன் முழங்கை சிரையில தானே டியூப் விட்டு, ஹார்ட் வரைக்கும் தள்ளி, அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டார். தடை சொல்லக்கூடாதுன்னு நர்ஸம்மாவை டேபிள்ல கட்டி வச்சுட்டுத்தான் ஆரம்பிச்சார்னு சொல்லுவாங்க. மேலதிகாரிங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, ஹார்ட்டையே விட்டுட்டு யூரின் சம்பந்தப்பட்ட டாக்டரா ஆயிட்டார். 1956ல நோபல் வந்துச்சு. அது சிரை, நம்ம பேசறது தமனி, ஆனா கையிலேர்ந்து நெஞ்சுக்கு போகலாம்ங்கற தைரியம் அங்கதான் பிறந்துச்சு.

மணிக்கட்டு தமனிக்கு வந்தா, 1940கள் கடைசியில ஸ்வீடன்ல ராட்னர்னு ஒருத்தர் அதை வெட்டித் திறந்து டியூப் விட்டு, மூளையோட பின்பக்க குழாயவே படம் பிடிச்சிருக்கார். அப்படின்னா கை வழியில மூளைக்கு போறது, ஹார்ட்டுக்கு அது பிரபலம் ஆகறதுக்கு 40 வருஷம் முன்னாடியே நடந்த சங்கதி. நடுவுல 1953ல அதே ஸ்வீடன்ல செல்டிங்கர்னு ஒருத்தர் ஊசி, வயர், டியூப்னு வரிசையா மாத்தி, வெட்டாமலே உள்ள போற வழியை எழுதினார். அதுக்கு தொடை தமனிதான் பெருசா, சுலபமா இருந்துச்சு, எல்லாரும் தொடைக்கு போயிட்டாங்க, மணிக்கட்டை மறந்தாங்க. கும்பகோணத்து தம்பி இதை படிச்சா நல்லது.

மதுரை வாசகர்: அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில கை வழியா பண்றோம்னு கையெழுத்து வாங்கிட்டு, வெளிய வந்து பாத்தா கையிலயும் கட்டு, தொடையிலயும் கட்டு. ஒரு வார்த்தை சொல்லல. பில்லுல ரெண்டு செட் டியூப். இது மோசடிதானே?

மோசடின்னு இங்கேர்ந்து சொல்ல மாட்டேன், சொல்லாம விட்டது தப்புன்னு சொல்லுவேன். கையிலேர்ந்து தொடைக்கு மாறறது இதுல சகஜம். பொம்பளைங்களுக்கு தமனி சன்னம், பயத்துல இன்னும் சுருங்கும், டியூபை இறுக்கிப் பிடிச்சுக்கும், தள்ளவும் முடியாது இழுக்கவும் முடியாது. சிலருக்கு முழங்கைகிட்ட தமனி ஜிலேபி மாதிரி ஒரு சுத்து சுத்தியிருக்கும். ரொம்ப சிலருக்கு பிறவியிலயே வலது கை தமனி நெஞ்சு வளைவோட கடைசியில முளைச்சு உணவுக்குழாய்க்கு பின்னால சுத்தி வரும், அதுல மூளைக்கு திரும்பறது பெரிய பாடு. அப்பல்லாம் பிடிவாதமா கையிலயே முட்டிட்டு இருக்கறதை விட மாறுற டாக்டர்தான் நல்ல டாக்டர், தமனி கிழிஞ்சா முழங்கைக்கு கீழ வீங்கி அது தனி ஆபரேஷன்ல போய் நிக்கும். ஆனா கையெழுத்து வாங்கற பேப்பர்லயே "கை, தேவைப்பட்டால் தொடை"ன்னு எழுதி, வீட்டுக்காரங்களுக்கு வாயாலயும் சொல்லியிருக்கணும். ஆபரேஷன் குறிப்போட காப்பியை எழுத்துல கேளுங்க, ஏன் மாத்தினாங்கன்னு அதுல இருக்கணும், அது உங்க உரிமை. அதை வச்சுக்கிட்டு பில் செக்‌ஷன்ல பேசுங்க.

கும்பகோணம் வாசகியே, கடுதாசி அடியில இன்னொண்ணு: டெஸ்ட் முடிஞ்சு அப்பா வண்டி ஓட்டலாமா? டிவிஎஸ் இல்லாம அவரால ஒரு நாள் இருக்க முடியாது.

முறுக்கற கையும் வலது கைதானே அம்மா, ரெண்டு மூணு நாள் சாவியை நீங்க வச்சுக்கோங்க. தண்ணிக்குடம், அரிசி மூட்டை, அடிபம்பு எல்லாம் ஒரு வாரத்துக்கு தம்பி பாத்துக்கட்டும். வீட்டுக்கு வந்தப்புறம் ரத்தம் கசிஞ்சா கைய தூக்கி, கசியற இடத்துல விரலால பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க, நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க, நிக்கலன்னா அழுத்தின கையோடயே ஆஸ்பத்திரிக்கு போங்க.